பாதி ஆய்வில் பணம் நின்றால்...

அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் என்ஐஎச் நிறுவனம், 2025 மே 1 அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தான் பெற்ற நல்கையில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது. ஆய்வாளர்கள் இதை ‘சப்-அவார்டு’ என்பார்கள். புதிய ஏற்பாடு தயாராகும்வரை இப்படி வெளிநாட்டுப் பங்கு சேர்ந்த எந்த நல்கையையும் வழங்கப்போவதில்லை என்றது அறிவிப்பு. இனி வரும் விண்ணப்பங்களுக்கு மட்டும் என்றிருந்தால் அது ஒரு நாட்டின் நிர்வாக முடிவு என்று விட்டுவிடலாம். ஆனால், ஐந்தாண்டு நல்கையாக இருந்தாலும் என்ஐஎச் பணத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் விடுவிக்கிறது. அந்த ஆண்டுத் தொடர்ச்சிக்கும் தடை பொருந்தும் என்று எழுதப்பட்டிருந்தது. மூன்றாம் ஆண்டை முடித்த ஆய்வு, நான்காம் ஆண்டுக்குப் பணம் வருமா என்று தெரியாமல் நின்றது.

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இந்த அறிவிப்பு எட்டும் இடங்கள் அவரைச் சுற்றியே இருக்கின்றன. பக்கத்துக் கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவப் பல்கலைக்கழகம், காட்டாங்கொளத்தூரில் இன்னொன்று, செங்கல்பட்டில் 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, அதையடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆய்வு நிறுவனம், ராஜீவ் காந்தி சாலையின் வடமுனையில் தரமணி விஎச்எஸ் மருத்துவமனை என்று நல்கைக்கு விண்ணப்பிக்கும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் நிறைந்த வட்டாரம் இது. சிறுசேரியிலேயே இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் அணுசக்தித் துறையின் நிதியிலும் தனியார் நன்கொடையிலும் நடக்கிறது. அங்கே ஒரு தவணை தாமதமானால் ஆளுக்கு இழப்பு, ஆய்வுக்குச் சுணக்கம். தேற்றம் கெட்டுப்போகாது. நோயாளியின் சளி மாதிரி கெட்டுப்போகும். மருத்துவ ஆய்வுக்கான விதிகளை மற்ற ஆய்வுகளிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியதற்கு இதுவே முதல் காரணம்.

என் வாதம் இதுதான்: மனிதர் பங்கேற்கும் ஆய்வுக்குக் கொடுக்கப்படும் நல்கை, நிதி கொடுப்பவருக்கும் ஆய்வாளருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் மட்டுமல்ல, உடலைக் கொடுத்து ஒத்துழைக்கும் மூன்றாம் தரப்புக்குக் கொடுத்த வாக்கும்கூட. விதிகளை மாற்றும் உரிமை அரசுகளுக்கு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வின் மீது அந்த மாற்றத்தைத் திணிக்கும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது, அது வாஷிங்டனாக இருந்தாலும் புதுடெல்லியாக இருந்தாலும்.

இந்த வாக்கின் கனத்தை உலகத்துக்குக் காட்டிய மாவட்டமே பழைய செங்கல்பட்டுதான். 1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை ஆகிய மூன்றும் சேர்ந்து, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அன்றைய செங்கல்பட்டுப் பகுதியில் பிசிஜி தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கின. 2.8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. முதல் அறிக்கை 1979-இல் வந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. யாரும் எதிர்பார்க்காத, யாருக்கும் பிடிக்காத முடிவு. ஆனாலும் கணக்கெடுப்பை நிறுத்திவிடவில்லை. 15 ஆண்டுகள் வீடு வீடாகத் தொடர்ந்தார்கள். முழு முடிவு 1999-இல் அச்சானது. அதே பழைய மாவட்டத்தில் 1991 முதல் சுமார் 1.7 லட்சம் பேரைக் கொண்டு தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்ட ஐசிஎம்ஆர் சோதனையும் இதே பொறுமையில் நடந்தது. பெரியவர்களுக்கு பிசிஜி பயன்படுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் உலகம் இன்றும் செங்கல்பட்டு முடிவைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறது. ஏழாம் ஆண்டில் யாரோ ஓர் அதிகாரி வெளிநாட்டுப் பங்கை நிறுத்தியிருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது பாதி எண்களும் முடிவில்லாத சண்டையும்தான்.

இன்றைய ஆய்வு எப்படி நடக்கிறது என்பதை அருகில் பார்த்தால் இடைமுறிவின் விலை புரியும். ‘ரிப்போர்ட் இந்தியா’ என்ற காசநோய் ஆய்வுக் கூட்டமைப்பு 2013-இல் இந்திய-அமெரிக்கக் கூட்டு நிதியில் தொடங்கியது. இந்தியத் தரப்பில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் ஐசிஎம்ஆரும், அமெரிக்கத் தரப்பில் என்ஐஎச்சும் பணம் போட்டன. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ராயபுரம் எம்.வி. நீரிழிவு ஆய்வு மையம், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் அதில் பங்கேற்றன. இத்தகைய ஆய்வில் நோயாளியை மட்டும் பதிவு செய்வதில்லை, அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்தாரையும் பதிவு செய்கிறார்கள். களப்பணியாளர் மூடியிட்ட சளிக் குப்பியோடு வீட்டுக்குப் போகிறார். தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார். ரத்தம் எடுத்தாகிறது. நான்கு மாதம், ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார். இன்று ஆரோக்கியமாக இருக்கும் மகளுக்கு அடுத்த ஆண்டு நோய் வந்தால், வருவதற்கு முன்னால் அவள் ரத்தத்தில் என்ன மாறியிருந்தது என்று தேட, பழைய மாதிரி மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் பத்திரமாக இருக்க வேண்டும். எல்லாருடைய மாதிரியும் இருந்தால்தான் ஒருவருடைய மாதிரிக்கு மதிப்பு.

இதில் பணம் ஆறு மாதம் நின்றால் என்ன நடக்கும்? முதலில் களப்பணியாளர் போய்விடுவார். ஒப்பந்த ஊதியத்தில் இருப்பவரை நிறுத்திவைத்துக் காக்க எந்தத் துறைத் தலைவராலும் முடியாது. எந்தத் தெருவில் எந்த வீடு, யார் காலையில் வேலைக்குப் போய்விடுவார், எந்த மாமியார் மருமகளை ரத்தம் கொடுக்க விடமாட்டார் என்பதெல்லாம் அவரோடு போய்விடும். அடுத்த சந்திப்பு தவறும். தவறிய சந்திப்பைப் பின்னால் பணம் வந்ததும் வாங்கிக்கொள்ள முடியாது, ஏனென்றால் ஆறாம் மாத ரத்தம் ஆறாம் மாதத்தில்தான் கிடைக்கும். உறைபெட்டிக்கு மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும் யார் கணக்கு என்ற கேள்வி அடுத்து வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இத்தகைய மறைமுகச் செலவுக்கு நல்கையின் நேரடிச் செலவில் பாதி வரைக்கும் அதற்கு மேலும்கூடப் பேசி வாங்கிவந்தன. வெளிநாட்டு நிறுவனத்துக்கு என்ஐஎச் அனுமதிப்பது 8 சதவீதம். 2025 பிப்ரவரியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் 15 சதவீதம்தான் என்று என்ஐஎச் அறிவித்தபோது அவை நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. 8 சதவீதத்தில் ஓடும் இந்திய ஆய்வகத்துக்கு அப்படிப் போய் நிற்க நீதிமன்றம் எதுவும் இல்லை.

என்ஐஎச் சொன்ன காரணத்தை நியாயமாக எடுத்துவைக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பிரிந்துபோகும் பணம் யாரிடம் போகிறது, எதற்குச் செலவாகிறது என்பதை அமெரிக்க அரசால் சரியாகக் கண்காணிக்க முடியவில்லை. வூஹான் ஆய்வகத்துக்கு எக்கோஹெல்த் அமைப்பு வழியாகப் போன பணத்தைப் பற்றி அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே 2023-இல் குறை சொல்லியிருந்தது. மாற்று ஏற்பாட்டிலும் ஒரு நல்ல கூறு உண்டு: வெளிநாட்டு நிறுவனம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கீழ் துணைப் பங்காளியாக இல்லாமல், தன் பெயரிலேயே என்ஐஎச்சிடம் நல்கை பெறும். வேலூரிலோ சேத்துப்பட்டிலோ இருக்கும் விஞ்ஞானிக்கு அது உரிய மரியாதைதான். நீண்ட காலமாகக் கேட்டு வந்ததும்கூட. மனிதர் பங்கேற்கும் ஆய்வுகளுக்கு இடைக்கால வழி ஒன்றையும் சில வாரங்களில் அவர்கள் அறிவித்தார்கள். அந்த இடைக்கால வழி மே 1 அன்றே அறிவிப்போடு வந்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. கண்காணிப்பை இறுக்குவதற்குப் பணத்தை நிறுத்தத் தேவையில்லை. கணக்கு கேட்கலாம், கேட்டது வரும்வரை ஊதியத்தையும் மருந்தையும் உறைபெட்டியையும் ஓட விடலாம்.

“அமெரிக்க வரிப்பணம், அவர்கள் இஷ்டம்” என்று நம்மூரிலேயே சிலர் சொல்கிறார்கள். அந்தப் பணம் நமக்கு இட்ட தானம் என்று நினைப்பதால் வரும் பேச்சு இது. எச்ஐவி உள்ள ஒருவர் சீக்கிரமே கூட்டுமருந்து எடுத்தால் துணைவருக்குத் தொற்றாது என்று நிறுவிய எச்பிடிஎன் 052 ஆய்வு என்ஐஎச் பணத்தில் நடந்தது. ஒன்பது நாடுகளில் 1,763 இணையர்கள் பங்கேற்றார்கள். சென்னையும் புனேயும் அதன் இந்திய மையங்கள். 2011-இல் வந்த முதல் முடிவு, துணைவரிடமிருந்து பரவுவது 96 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அமெரிக்காவில் இன்று எச்ஐவி சிகிச்சை தொடங்கும் வேகத்துக்கு அந்த முடிவும் ஓர் அடிப்படை. இன்னும் பின்னால் போனால், 1956-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் சென்னை மாநில அரசும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து சென்னையில் தொடங்கிய காசநோய் மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் நோய் அதே அளவுக்குக் குணமாகிறது, வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று 1959-இல் நிரூபித்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் சானடோரியங்களை மூடும் துணிவைப் பெற்றதில் சென்னைக் குடிசைவாசிகளுக்குப் பங்குண்டு. பணம் மேற்கிலிருந்து வந்தது, அறிவு இங்கிருந்து போனது. இரு தரப்புக்கும் லாபமான உறவில் ஒரு தரப்பு மட்டும் ஒரே நாளில் விதியை மாற்றுவது அநீதி.

வாஷிங்டனைக் கேட்கும் கேள்வியை டெல்லியிடமும் கேட்டாக வேண்டும்; இல்லாவிட்டால் இந்த வாதத்துக்கு நேர்மை இல்லை. என்ஐஎச் 2025-இல் செய்ததை இந்தியா 2020 செப்டம்பரிலேயே செய்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவு 7 திருத்தப்பட்டு, அந்தச் சட்டத்தின் கீழ் பணம் பெறும் அமைப்பு அதை வேறு எந்த அமைப்புக்கும் கைமாற்றக் கூடாது என்றானது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-ஆக இறங்கியது. அனுபவமுள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனம் பணத்தைப் பெற்று, கிராமத்தில் வேலை செய்யும் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கையும் தானே பார்த்துக்கொள்ளும் முறை அதோடு முடிந்தது. அங்கே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கை கட்டப்பட்டதற்கு ஐந்தாண்டு முன்பே, இங்கே கடைசி மைலுக்குப் பணம் போகும் வழி அடைபட்டுவிட்டது. இனி நேரடியாக என்ஐஎச்சிடம் நல்கை வாங்கலாம் என்றாலும், அதற்கான பதிவு, தணிக்கை, அறிக்கை எல்லாவற்றையும் தாங்கக்கூடிய அலுவலகம் பெரிய நிறுவனங்களிடம்தான் இருக்கிறது.

உள்நாட்டு நல்கை பெறுபவரின் நிலையும் இதுவே. அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் விலக்கப்பட்டது. பழைய விகிதத்தில் பட்ஜெட் போட்டு ஒப்புதல் வாங்கி, டெண்டர் விட்டு முடிப்பதற்குள் வரி 18 சதவீதம். நல்கைத் தொகையோ கூடவில்லை. ஆய்வு நல்கைக்கே ஜிஎஸ்டி கட்டச் சொல்லி 2024-இல் நோட்டீஸ்கள் போயின. அந்தச் செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் விலக்கு அளித்த பிறகுதான் நிறுவனங்கள் மூச்சுவிட்டன. எதை வாங்கினாலும் அரசின் ஜெம் இணையச் சந்தையில்தான் என்ற கட்டாயம் பல ஆண்டு இருந்தது. குறிப்பிட்ட நிறுவனத்தின் வினைபொருள் கிடைக்காமல் எத்தனையோ ஆய்வகங்கள் திணறிய பின், 2025 ஜூனில் நிதியமைச்சகம் அறிவியல் நிறுவனங்களுக்குத் தளர்வு கொடுத்தது. நேரடிக் கொள்முதல் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. நல்ல திருத்தம், வரவேற்க வேண்டியது. ஆனால் பணம் வந்து சேரும் விதம் மாறவில்லை. ஒரு நிதியாண்டு முடிய, செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிறது. பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது எல்லா ஆய்வகத்திலும் எல்லார் வாயிலும் அடிபடும் அந்த ‘யூசி’, போய்ச் சேர்ந்து சரிபார்க்கப்பட்டு அடுத்த தவணை இறங்குவதற்குள் கோடை கழிந்துவிடும். இன்ஸ்பயர் உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை என்று 2025-இல் இளம் ஆய்வாளர்கள் வெளிப்படையாக முறையிட்டார்கள். 2023-இல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 31,000-லிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது உண்மை. மாதம் தவறாமல் வரும் 31,000-ஐ வைத்து வீட்டு வாடகை கொடுக்கலாம், எப்போது வருமென்று தெரியாத 37,000-ஐ வைத்துக் கொடுக்க முடியாது.

“நம் நோய்க்கு நாமே செலவழிப்போம், அமெரிக்கப் பணம் எதற்கு?” என்பது அடுத்த எதிர்வாதம். இதில் எனக்கு முழு உடன்பாடு. நாம் நம் பணத்தில் செய்தால் எவ்வளவு நன்றாகச் செய்வோம் என்பதற்குச் சான்றும் உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்த ‘ரேஷன்ஸ்’ சோதனை ஐசிஎம்ஆர் நிதியில் நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப உறுப்பினர்களைத் தொடர்ந்து, சத்துணவால் மட்டுமே காசநோய் 39 முதல் 48 சதவீதம் வரை குறைவதை 2023-இல் உலகுக்குச் சொன்னது. தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022-இல் அயப்பாக்கம் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் உதவியோடு தொடங்கியது. நோயாளியின் எடை-உயர விகிதம், மூச்சின் வேகம், விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பது - இவ்வளவையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், விடாமல் செய்தால் போதும். ஆனால், சுயசார்புக்கு நாம் ஒதுக்கும் தொகையைப் பாருங்கள். என்ஐஎச்சின் ஆண்டு பட்ஜெட் சுமார் 4,800 கோடி டாலர், ரூபாயில் ஏறக்குறைய 4 லட்சம் கோடி. ஐசிஎம்ஆரைத் தாங்கும் நம் சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு 2025-26 பட்ஜெட்டில் கிடைத்தது சுமார் 3,900 கோடி, நூற்றில் ஒரு பங்கு. எல்லா அறிவியலுக்கும் சேர்த்து நாம் செலவிடுவதே நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். வெளிப்பணம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி உள்பணத்தைக் கூட்டிய பிறகுதான் வரும்.

கூட்டப் போகிறோம் என்கிறது மத்திய அரசு. 2023-இல் சட்டமாகி 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று கணக்கு. அதில் 36,000 கோடி அரசல்லாதவர்களிடமிருந்து வர வேண்டும். 2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற 1 லட்சம் கோடி ஆராய்ச்சி-புத்தாக்க நிதியோ, தனியார் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் கடனும் முதலீடும் தருவதற்கானது. குறைக்கடத்திக்கும் மருந்துத் தொழிலுக்கும் இது உதவட்டும். செய்யூர்க் கிராமம் ஒன்றில் கூலிவேலை பார்ப்பவரின் வீட்டுக்கு இரண்டு ஆண்டு போய்ச் சளி எடுக்கும் ஆய்வு எந்த முதலீட்டாளருக்கும் வட்டி கொடுக்காது. அது அரசுப் பணத்தில்தான் நடக்கும். கட்டடத்துக்குப் பணம் கிடைத்து ஓட்டுவதற்குக் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். திருமணியில் 100 ஏக்கரில், சுமார் 600 கோடி ரூபாயில், 2012-இல் ஒப்புதல் பெற்றுக் கட்டிய, மத்திய அரசு நிறுவனமான எச்எல்எல்லின் தடுப்பூசி வளாகம், கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்திலும் ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல் கிடந்தது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, பிரதமருக்குக் கடிதம் எழுதும்படி ஆயிற்று.

ஆகவே நான் கேட்பது தொகையை மட்டுமல்ல, தொடர்ச்சியை. மருத்துவ ஆய்வில் ஒருவரைச் சேர்க்கும்போது, நிதி எங்கிருந்து வருகிறது என்பதை அவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது ஹெல்சிங்கி பிரகடனம். நம் களப்பணியாளர்கள் அதைச் சொல்கிறார்கள். அந்த நிதி நடுவில் நிற்கலாம், நின்றால் உங்கள் ரத்தம் வீணாகலாம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள்? சொல்ல முடியாத ஆபத்தை வைத்துக்கொண்டு ஒப்புதல் வாங்குவது சரியல்ல. அந்த ஆபத்தை நீக்கும் வழி கடினமும் அல்ல. மனிதரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வுக்கு, தொடங்கிய நாளில் இருந்த விதியே கடைசிச் சந்திப்பு வரை பொருந்தும் என்று நல்கை ஆணையில் எழுதலாம். வரி உயர்ந்தால் உயர்ந்த அளவுக்கு நல்கையைக் கூட்டலாம். உள்நாட்டுத் தாமதமோ வெளிநாட்டுத் தடையோ வந்தால், ஓராண்டுக்கு ஊதியத்தையும் மருந்தையும் மின்சாரத்தையும் மட்டும் தாங்கும் இடைக்கால நிதி ஒன்றை ஐசிஎம்ஆர் வைத்திருக்கலாம். முழு ஆய்வையும் நடத்தும் செலவில் அது சிறு பகுதிதான்.

இதனால் மோசமான ஆய்வுகளும் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். தரம் பார்க்க எத்திக்ஸ் குழுவும், தரவுப் பாதுகாப்புக் குழுவும், வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுகளைச் சலிக்கும் சுகாதார அமைச்சகத்தின் குழுவும் ஏற்கெனவே இருக்கின்றன. அறிவியல் காரணத்துக்காகவும் பாதுகாப்புக் காரணத்துக்காகவும் ஆய்வை நிறுத்த அவற்றுக்கு அதிகாரம் உண்டு, அது இருக்கவும் வேண்டும். கணக்கு அலுவலகத்துக்கும் வெளியுறவுக் கொள்கைக்கும் அந்த அதிகாரம் போகக் கூடாது. இடைக்கால நிதிக்கும் நல்கை ஆணையில் ஒரு பத்தி சேர்ப்பதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை; ஐசிஎம்ஆர், உயிரித் தொழில்நுட்பத் துறை, அனுசந்தான் அறக்கட்டளை மூன்றும் தங்கள் நிர்வாக ஆணையிலேயே செய்துகொள்ளலாம். பிரிவு 7-இல் மருத்துவ ஆய்வுக்கு விலக்குக் கேட்பதற்கு மட்டும் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். இந்த வட்டாரத்தின் எம்.பி.க்கள் அதை அங்கே எழுப்பட்டும்.